அண்ணன் கேட்ட துப்பாக்கி

என் அண்ணன் பழைய சாமான் சேர்க்கிறவர். அப்படிச் சொன்னால் கோபம் வரும். "ஆன்டிக்" என்று சொல்ல வேண்டும். சிவகாசியில் வீட்டு மாடி முழுவதையும் ஒரே ஹாலாக இடித்துக் கட்டி, ஏசி போட்டு, சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி வருவதற்கு முன் ஹாலைக் காட்டிவிடுவார். வடக்கேயிருந்து பட்டாசு ஆர்டர் பேச வருகிற வியாபாரிகள் அங்கே நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். சரக்கு விலையைக் குறைத்து வாங்க வேண்டுமே, ஆட்டாமல் என்ன செய்வார்கள்?

உள்ளே துருப்பிடித்த வாள்கள், வளரிகள், ஒரு கட்டாரி, மருந்து வைக்கும் மாட்டுக்கொம்பு, அப்புறம் வரிசையாக நாட்டுத் துப்பாக்கிகள். துப்பாக்கிகள் எல்லாம் குழல் அடைத்தவை. சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால், எங்கே கிடைத்தாலும் வாங்கிக் குழலில் ஈயம் ஊற்றி மாட்டிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அட்டை. ஊர் முழுக்க பிரஸ் இருக்கும்போது அட்டைக்கு என்ன பஞ்சம்? வழவழப்பான தாளில் நாலு கலரில் அச்சடித்து லேமினேட் செய்திருப்பார். எவனோ முயலுக்குக் குறி வைத்த துப்பாக்கி, அட்டையில் பாளையக்காரர் போரில் முழங்கியதாகிவிடும். நான் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். ஒரு தடவை அந்த அட்டைகளைப் படித்துவிட்டு, "இதுக்கெல்லாம் என்னண்ணே ஆதாரம்?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஆதாரம் வேணும்" என்றார்.

அந்த ஹாலுக்குள் நான் கடைசியாகப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று அலமாரியில் ஒரு வெண்கலக் கும்பா புதிதாக இருந்தது. கஞ்சி குடிக்கிற கும்பா. விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. கீழே "பழந்தமிழர் உணவுக் கலன்" என்று அட்டை. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். அவருடைய பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் இறந்துபோன ஒரு தொழிலாளியின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறார். அங்கே மூலையில் இந்தக் கும்பாவைப் பார்த்திருக்கிறார். மறுவாரம் மேனேஜரை அனுப்பி, புது எவர்சில்வர் பாத்திரம் ஒரு செட் கொடுத்துவிட்டு இதை எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

"பளசோட அருமை அதுகளுக்கு என்ன தெரியும்? புதுசா பளபளன்னு குடுத்ததும் வாங்கி வச்சுக்கிட்டாக" என்றார்.

இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மூலையில் கிடந்த பாத்திரத்தின் மேல் கண் போகுமா ஒரு மனுஷனுக்கு? கீழே இறங்கி வந்து, மதினி போட்டு வைத்த காப்பியைக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். இனி அந்த மாடிப்படி ஏறமாட்டேன்.

அந்தக் கும்பா யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஒரு பெண், எம். புதுப்பட்டிக்காரி. பெற்ற மகள் நான் லீவு கிடைக்கும்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டதெல்லாம் அவள்தான். அம்மா போன பிறகு புருஷனோடு அண்ணனின் கம்பெனிக்கே வேலைக்குப் போனாள். புருஷன் பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துகிற ரூமில். இவளுக்கு, செலுத்தி முடித்ததைத் தட்டில் எடுத்துப் போய் அடுக்குகிற வேலை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது அந்த ரூம் வெடித்தது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம். அன்று உள்ளே அதைவிட அதிகமாக ஆட்கள் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. அவள் புருஷனும் போனார், வாசலில் நின்ற போர்மேனும் போனார். தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்திருந்ததால் அவள் தப்பினாள். இடது கையும் கழுத்தும் வெந்துபோயின.

போலீஸ் அண்ணன் மேல் வழக்குப் போட்டது. அவருக்கு உடனே நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து, ஜாமீன் கிடைத்ததும் சரியாகிவிட்டது. "அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல, டெல்லியில இருந்தேன், அதிகமா ஆள் வச்சது போர்மேன்" என்றார். போர்மேன் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறார்? ஆனால் அவள் போலீஸிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். அன்று காலையில் முதலாளி காரில் வந்ததை அவள் பார்த்தாள். வாசலில் நின்றுகொண்டு, இன்னும் ஆளை உள்ளே உட்கார வை என்று போர்மேனிடம் அவர் சொன்னதைத் தன் காதால் கேட்டாள். அதைக் கேட்டவர்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.

அதனால் அந்த வழக்கு நடக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணனின் வக்கீல் ஏதாவது சொல்லி வாய்தா வாங்கிவிடுவார். மூடின கம்பெனிக்குத் திரும்பவும் லைசென்ஸ் கிடைத்தது, சீசன் வந்தது, லோடு போனது. அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்காக அப்பா மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. தாத்தா காலத்தில் ஒரு ஜமீன் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, கட்டிலும் சுவர்க்கடிகாரமும் எடுக்கப் போனவரின் தலையில் இதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் அதன் வரலாறு. அப்பா அதை வைத்து வீரமாக எதுவும் செய்ததில்லை. ஒரு தடவை தோட்டத்துக் குரங்குகளை விரட்ட மேலே பார்த்துச் சுட்டார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓட்டையானது.

ஆனாலும் லைசென்ஸ் துப்பாக்கி. தேர்தல் அறிவித்துவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்க வேண்டும். அப்பா அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, என்னவோ மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி கொண்டுபோய்க் கொடுப்பார். எனக்குக் கல்யாணமாகிப் போனபோதுகூட அவர் அப்படி முகத்தைத் தொங்கப்போட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தத் துப்பாக்கிக்கு வருஷத்தில் ஒரே ஒரு வேலை உண்டு. மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வக் கோயிலில் கூடுவார்கள். வெம்பக்கோட்டை தாண்டி, கருவேலங்காட்டுக்குள் இருக்கிற கோயில். மறுநாள் மதியம் படையல். சாமிக்கு முன்னால் அரிவாளுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் துப்பாக்கியை வைப்பார்கள். தாத்தா காலத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார்களாம். இப்போது சட்டம் விடாது என்பதால் வைத்து எடுப்பதோடு சரி. பூசை முடிந்ததும் பூசாரி துப்பாக்கியை எடுத்து எங்கள் வீட்டு மூத்த ஆணின் கையில் கொடுத்து, தலையில் பரிவட்டம் கட்டுவார். முதல் மரியாதை. மற்ற பங்காளிகள் வரிசையில் நின்று திருநீறு வாங்க வேண்டும். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குத்தான் பரிவட்டம் என்பது எப்போது வந்த வழக்கமோ, அது அப்படியே நிலைத்துவிட்டது.

அப்பா இறந்த அன்று, பந்தல் பிரிப்பதற்கு முன்பே அண்ணன் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அட்டைகூட அச்சாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. "எம் பாட்டனாரின் வீரத்தை மெச்சி ஆங்கிலத் துரை வழங்கியது." லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வாரிசு யாராவது விண்ணப்பித்துத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு வாரிசான எனக்கு ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்துக்காக என்னையும் அழைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். "சார், உங்க பேர்ல கிரிமினல் கேஸ் நிலுவையில இருக்கு. கேஸ் முடியாம உங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வராது."

அண்ணனுக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன சார் சொல்றீக? நான் மருந்து லைசென்ஸ் வச்சிருக்கேன். டன் கணக்குல வெடிமருந்து வச்சிருக்கேன்."

"அது வேற டிபார்ட்மெண்ட் சார். இது வேற."

நான் சிரிப்பை அடக்கச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரையே தூக்குகிற அளவுக்கு மருந்து வைத்துக்கொள்ள அவரை நம்புகிறார்கள். தண்ணீர்த் தொட்டியை ஓட்டை போட்ட துப்பாக்கிக்கு நம்பவில்லை.

"ஒண்ணு செய்யலாம் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "குழலை அடைச்சுட்டா லைசென்சே வேண்டாம். உங்ககிட்டதான் அது மாதிரி நிறைய இருக்குன்னு சொல்றாங்களே."

"ஊமைத் துப்பாக்கியவா சாமிக்கு முன்னால வைக்கச் சொல்றீக?"

"அப்ப தங்கச்சி பேர்ல வாங்குங்க."

இப்படித்தான் அது என்னிடம் வந்தது. "கையெழுத்து மட்டும் போட்டாப் போதும், துப்பாக்கி நம்ம ஹால்லதான் இருக்கும்" என்றார் அண்ணன். நானும் போட்டேன். ஆனால் துப்பாக்கியைக் கையாளத் தெரியும் என்று பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, போலீஸ் மைதானத்தில் நின்று அட்டைப் பலகையைப் பார்த்துச் சுட்டேன். தோள்பட்டை கன்றிப்போனது. பலகையில் யார் முகத்தை நினைத்துக்கொண்டு சுட்டேன் என்பதை எழுதப்போவதில்லை. நன்றாகச் சுட்டேன்.

லைசென்ஸ் வந்து துப்பாக்கியை வாங்கப் போன அன்று அண்ணனின் டிரைவர் ஸ்டேஷன் வாசலில் காரோடு நின்றான். "அக்கா, துப்பாக்கிய வண்டில வச்சிருங்க. மொதலாளி கொண்டாரச் சொன்னாக."

"லைசென்ஸ் யார் பேர்லப்பா இருக்கு?"

"உங்க பேர்லதான்க்கா."

"அப்ப நான் ஆட்டோவுல போறேன்."

துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் வந்தேன். அதன் மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை. அந்த ஹாலில் அந்தக் கும்பாவுக்குப் பக்கத்தில் அது இருக்கக்கூடாது, அவருக்கு அது கிடைக்கக்கூடாது. அவ்வளவுதான். இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் வீட்டுக்காரர், "எதுக்கு வீண் வம்பு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் மதினியிடமிருந்து போன். "கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வீட்டுத் துப்பாக்கி எதுக்குங்கேன்? உங்களுக்குத்தான் வேற சாமி, வேற கோயில் ஆயிருச்சே."

"சாமி வேறதான் மதினி. கேஸும் வேறதான். எம்மேல கேஸு இல்ல."

அவர் போனை வைத்துவிட்டார். அதோடு தீபாவளிக்கு வருகிற கிஃப்ட் பாக்ஸ் நின்றது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அண்ணன் வீட்டாரும் நாங்களும் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தோம்.

அடுத்த மாசிப் படையலில் சாமிக்கு முன்னால் அரிவாள் மட்டும் இருந்தது. நான் போயிருந்தேன். பார்க்க வேண்டும் என்றேதான் போனேன். பூசாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வயதில் மூத்தவர் என்று சித்தப்பா வழிப் பங்காளி ஒருவருக்குப் பரிவட்டம் கட்டினார். அவர் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அண்ணனிடம் வருஷா வருஷம் நன்கொடை கேட்டு வந்து நிற்பவர். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்த அண்ணன் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று திருநீறு வாங்கினார். யாரோ ஒரு பங்காளி, "மேல மாடில அம்புட்டுத் துப்பாக்கி வச்சிருக்காரே, ஒண்ணையாச்சும் கொண்டாந்திருக்கலாம்ல" என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சர்க்கரைப் பொங்கலை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சிரிப்பு அண்ணனை எங்கோ குத்திவிட்டது. ஒரு ரூம் ஆட்கள் செத்தபோது குத்தாத இடம். கொஞ்ச நாளில் பால்கோவாவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கேஸ முடிச்சிரலாம்னு இருக்கேன்மா. வாய்தா எல்லாம் வேண்டாம், நடத்துங்கன்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்."

"நல்லதுண்ணே."

"ஒரு சாட்சிதான் இடிக்குது. நம்ம அம்மாவப் பாத்துக்கிட்ட அந்தப் புள்ள. நீ ஒரு வார்த்த சொன்னா கேக்கும்."

"என்னன்னு சொல்லணும்?"

"அன்னைக்கு என்னையப் பாக்கலைன்னு சொல்லணும். வேற என்ன? பாவம், அந்தப் புள்ளையும் எத்தன வருஷத்துக்குத்தான் கோர்ட்டுக்கு அலையும்?"

"அலைய விட்டது யாருண்ணே?"

அவர் பால்கோவா பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டே, "மாசிக்கு முன்னால முடியணும்" என்றார்.

செத்தவர்களுக்காக நகராத வழக்கு, பரிவட்டத்துக்காக நகரப்போகிறது. அவரை நான் அப்படித் திட்டினதே இல்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில் கும்பாவைத் தூக்கி வந்தவர்தானே நீங்கள் என்று ஆரம்பித்து, அப்பாவின் பாடையில் கைவைத்துக்கொண்டே துப்பாக்கி விசாரித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க" என்பதை மட்டும் விடவில்லை. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "உனக்கு இஷ்டமில்லைன்னா மேனேஜர் பேசிக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே முடிவு செய்தேன். துப்பாக்கியை அரசாங்கத்திடம் ஒரேயடியாக ஒப்படைத்துவிடலாம். உருக்கிவிடுவார்கள். துப்பாக்கி இல்லையென்றால் அண்ணனுக்கு அவசரம் இல்லை, அவளை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இதைச் சொல்ல எம். புதுப்பட்டிக்குப் போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேலைக்கு அவள் திரும்பப் போகவில்லை. வெந்த கையில் இரண்டு விரல் மடங்காது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. "வாங்கக்கா. நீங்களும் அதுக்குத்தான் வந்தீகளா?" என்றாள்.

"எதுக்கு?"

"மேனேஜர் முந்தாநாளே வந்துட்டாரு. பாக்கலைன்னு சொல்லணுமாம். சரின்னுட்டேன்."

"சரின்னா சொன்ன? உன் வீட்டுக்காரர் செத்திருக்காருடி."

"எனக்குத் தெரியாதாக்கா?" என்று அவள் உருட்டுவதை நிறுத்தினாள். குரல் ஏறியது. "நீங்க அந்த வீட்டுப் பொண்ணு, எனக்கு வந்து சொல்றீகளாக்கும். ஒவ்வொரு வாட்டியும் கூலிய விட்டுட்டு, பஸ் ஏறிப் போயி, கோர்ட்டு வாசல்ல உக்காந்திருப்பேன். வாய்தாம்பாக. திரும்பி வருவேன். ஒரு நாளாச்சும் என்னைய உள்ள கூப்பிட்டிருக்காகளா? இப்பத்தான் கூப்பிடப் போறாக. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா கூப்பிடுவாகளா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூடவே, நான் செய்ய இருந்த காரியம் என்ன செய்திருக்கும் என்பதும் விளங்கியது. துப்பாக்கியை உருக்கக் கொடுத்திருந்தால் மறுநாளே வக்கீல் பழையபடி வாய்தா வாங்கியிருப்பார். நான் அதை அவளிடம் சொன்னேன்.

"அய்யய்ய, குடுத்துறாதீக" என்றாள்.

"குடுக்கமாட்டேன். அவருக்கே தர்றேன்னு சொல்றேன்."

அவள் என்னை நம்பலாமா வேண்டாமா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தக் கும்பாவில்தான் கொண்டுவந்தாள். பாக்கலைன்னு சொல்றதுக்கு என்ன வேணும் என்று மேனேஜர் கேட்டபோது, இதைக் கேட்டாளாம். சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். குடித்துவிட்டு, நான் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். கோபத்தில் ஏதேதோ பேசிவிட்டேன் என்றேன். "உங்க கேஸ் நல்லபடியா முடிஞ்ச மறுநாள், துப்பாக்கிய உங்க பேருக்கு மாத்த நான் கையெழுத்துப் போடுறேன்" என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ" என்றார். மறுவாரம் இன்னொரு பெட்டி பால்கோவா வந்தது. எனக்குத் தின்ன மனம் வரவில்லை. வேலைக்கு வருகிற அம்மாவிடம் கொடுத்தேன். போனில் ஒரு போட்டோவும் வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய நீளக் கண்ணாடிப் பெட்டி. அட்டையோடு தயாராக இருந்தது.

வழக்கு ஓட ஆரம்பித்தது. வாய்தா இல்லை, உடம்பு சரியில்லை என்ற சாக்கும் இல்லை. இவ்வளவு வேகமாக ஒரு கோர்ட்டு வேலை நடக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆட்கள் செத்த கேஸ் இத்தனை வருஷம் ஏன் தூங்கியது என்பதற்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

அவள் சாட்சி சொன்ன அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மேனேஜர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தாள். அண்ணன் வெள்ளைச் சட்டையில், குளித்து விபூதி பூசி, ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் போல இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கூண்டில் ஏறி நின்றபோது அவள் சேலைத் தலைப்பை எடுத்து இடது கையை மூடிக்கொண்டாள். அரசு வக்கீல் கேட்டார். அன்று காலையில் என்ன பார்த்தீர்கள்?

"மொதலாளி வந்தாக. வெள்ளைக் கார்ல வந்தாக. ரூம் வாசல்ல நின்னு, ஆர்டர் நிக்குது, இன்னும் ஆளை உள்ள உக்கார வைன்னாக. போர்மேன் அண்ணன், வேண்டாம் மொதலாளி, வெயிலாருக்குன்னு சொன்னாரு. நான் சொல்றேன்ல, உக்கார வைன்னாக. எங்க வீட்டுக்காரரு தள்ளி உக்காந்து எடம் விட்டாரு. நான் தட்டை எடுத்துக்கிட்டு நடந்தேன்."

அண்ணனின் வக்கீல் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார், மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு எழுந்தார். நீ பார்த்தது வேறு யாரோ, முதலாளி அன்று டெல்லியில் இருந்தார் என்றார்.

"டெல்லிக்குப் போயிருந்தாகன்னா எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்திருப்பாரு" என்றாள்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார் நீதிபதி. வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். தூரம் எவ்வளவு, கார் எந்தப் பக்கம் நின்றது, புகையில் எப்படித் தெரிந்தது. புகைக்கு முன்னால்தான் அய்யா பார்த்தேன் என்றாள். எதற்கும் அவள் குரல் உயரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. எங்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டிய கை, வெந்துபோய் அந்தத் தலைப்புக்குள் இருந்தது. அந்த ரூமில் நடந்ததை ஒருத்தி வாயைத் திறந்து சொல்லி, அதை அரசாங்கம் எழுதிக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தட்டச்சு செய்தார்கள். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினாள்.

வெளியே வந்ததும் மேனேஜர் பாய்ந்துகொண்டு வந்தான். "ஏ, என்ன புள்ள? அன்னைக்கு சரின்னு சொன்னேல்ல? கும்பாவ வேற வாங்கிக்கிட்டயே!"

"சரின்னு சொல்லலைன்னா கேஸ நடத்த விட்டிருப்பீகளா?" என்றாள். "அது எங்க மாமியா குடுத்த கும்பா. உங்கது இல்ல."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. முதலிலிருந்தே அவளைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீயும் இதுல கூட்டா?"

"ஆமாண்ணே."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால்கூட ஒரு மனுஷனோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்து, கைக்குட்டையால் முகத்து வியர்வையைத் துடைத்தார். செத்துப்போன ஒரு ரூம் ஆட்களைப் பற்றி இப்போதுதான் உள்ளே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். ஜெயிலைப் பற்றிப் பயம் வந்திருக்கும், ஒருவேளை அவர்களைப் பற்றித்தான் ஏதாவது சொல்லப்போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். நானும் அவரோடு பிறந்தவள்தானே, நினைக்கத்தான் செய்தேன்.

அவர் தலையைத் தூக்கி, மெதுவான குரலில், "அப்ப மாசிக்கு?" என்றார்.

"சாமிகிட்ட வாய்தா கேளுங்கண்ணே" என்றேன். "உங்களுக்குப் பழக்கந்தான."